விளக்கை அணைத்த பிறகே காடு தெரிந்தது: ஹெல்சிங்கி – கெமியார்வி இரவு ரயில்

பின்லாந்தின் இரவு ரயிலைப் பற்றிய விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரியான படத்தைத்தான் பார்க்கிறோம். இருபுறமும் பனி சுமந்து நிற்கும் ஊசியிலை மரங்கள், நடுவே தண்டவாளம், அதன்மேல் ஜன்னல்கள் மஞ்சளாக ஒளிரும் ஒரு ரயில். படம் அழகானதுதான். ஆனால் அது ரயிலுக்கு வெளியே, அதுவும் நல்ல உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை டிக்கெட் வாங்கும் நேரத்தில் நாம் யோசிப்பதில்லை. காசு கொடுத்தவர் அந்த மஞ்சள் ஜன்னலுக்கு உள்ளே அமர்ந்திருக்கப் போகிறவர். அவருக்கு அந்த இரவில் உண்மையில் என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. பிப்ரவரி நடுவில், முழுநிலவுக்கு இரண்டு நாள் முன்பு, நானும் என் மனைவியும் ஹெல்சிங்கியிலிருந்து கெமியார்வி வரை இந்த ரயிலில் சென்றோம். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையையே இங்கே எழுதுகிறேன்.

ரயிலைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை இயக்குவது அந்நாட்டு அரசுக்குச் சொந்தமான ரயில் நிறுவனம். சாண்டா கிளாஸ் எக்ஸ்பிரஸ் என்பது சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்த பெயர். நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஹெல்சிங்கியிலிருந்து தம்பெரே, செய்னாயொக்கி, கொக்கோலா, ஓவுலு, கெமி ஆகிய ஊர்களின் வழியாக வடகோடிப் பகுதியான லாப்லாந்தின் தலைநகரான ரோவனியெமிக்குச் செல்கிறது. தூரம் சுமார் 900 கிலோமீட்டர், நேரம் சுமார் 12 மணி. பகல் ரயில் இதே தூரத்தை எட்டு மணி நேரத்தை ஒட்டிக் கடந்துவிடுகிறது என்பதைக் கவனித்தால், இரவு ரயில் வேண்டுமென்றே நிதானமாக ஓடுகிறது என்பது புரியும். பயணிகள் தூங்கி எழ நேரம் வேண்டும். வழியில் கார்களை ஏற்றிய வேகன்களைச் சேர்க்கவும் கழற்றவும் நேரம் வேண்டும். சில வண்டிகள் கோலரிக்கும், சில ரோவனியெமியைத் தாண்டிக் கெமியார்விக்கும் போகின்றன. எந்த வண்டி எதுவரை போகிறது என்பதைப் பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்வது அவசியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு செய்வதில் எங்களுக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. பயணம் முழுவதையும் ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். குளியலறையுடன் கூடிய கேபின் வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டும், கீழ்த்தளத்துக் கேபினைப் போட்டுவிட்டு, எல்லாக் கேபின்களும் ஒன்றுதான் என்று பதில் அனுப்பினார்கள். ஒன்றல்ல. புறப்படுவதற்கு மூன்று வாரம் இருந்தபோது நாங்களே தற்செயலாகக் கவனித்து, வித்தியாசத் தொகையைக் கட்டி மேல்தளத்துக்கு மாற்றிக்கொண்டோம். முகவரின் கட்டணம் திரும்ப வரவில்லை. ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே ஆங்கிலத்தில் நேரடியாகப் பதிவு செய்ய முடியும்போது நடுவில் ஒருவர் எதற்கு என்பதை எங்கள் செலவில் கற்றுக்கொண்டோம். விலை நாளுக்கு நாள் மாறும். கிறிஸ்துமஸ் வாரத்திலும், பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை விடும் பிப்ரவரி, மார்ச் வாரங்களிலும் ஏறி நிற்கும். இரண்டு பேராகச் சென்றால் விமானக் கட்டணத்துடன் ஓர் இரவு விடுதி வாடகையையும் கூட்டி ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டபோது எங்களுக்கு இது அதிகமாகத் தெரியவில்லை.

ஹெல்சிங்கி மத்திய ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. ரயிலுக்காக அல்ல, கட்டடத்துக்காக. எலியேல் சாரினென் வடிவமைத்து 1919இல் திறக்கப்பட்ட கிரானைட் கட்டடம் அது. நுழைவாயிலின் இருபுறமும் கைகளில் உருண்டை விளக்குகளை ஏந்தி நிற்கும் பெரிய கல் மனிதர்கள், பனி கொட்டும் மாலையில் தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டவர்கள் போல நின்றார்கள்.

இனி கேபினுக்கு வருவோம். படுக்கைப் பெட்டிகள் இரண்டு தளம் கொண்டவை. பின்லாந்திலேயே கட்டப்பட்டு, 2000களின் நடுவிலிருந்து ஓடுகின்றன. ஒரு கேபினுக்கு இரண்டு படுக்கை, ஒன்றன்மேல் ஒன்றாக. மேல்தளத்துக் கேபின்களில் தனிக் கழிப்பறையும் ஷவரும் உண்டு. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் நடைவழியில் உள்ள பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். மேல்தளத்துக் குளியலறை ஓர் ஆச்சரியம். ஒரு பீரோவின் அளவுதான் இருக்கும். அதற்குள் எப்படிக் குளிப்பது என்று முதலில் திகைத்தேன். வாஷ்பேசின் பொருத்தியுள்ள சுவரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் அது கழிப்பறைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு ஷவர் நிற்கும் இடத்தைத் திறந்து விடுகிறது. ஆர்க்டிக் வட்டத்தை நோக்கி ஓடும் ரயிலில், வெளியே பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே இருக்கும்போது, வெந்நீரில் குளிப்பது ஒரு தனிச் சுகம்; முழங்கை இரண்டு முறை சுவரில் இடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்ணீர் போத்தல், துண்டு, உறை மாற்றிய தலையணை, போர்வை எல்லாம் தயாராக இருந்தன. பெரிய பெட்டி இரண்டு இருந்தால் மட்டும் சிரமம். தரையில் ஒன்றை வைத்தால் மற்றொருவர் நிற்க இடம் இல்லை. நாங்கள் ஒரு பெட்டியைக் கீழ்ப் படுக்கையின் அடியில் தள்ளிவிட்டு, இன்னொன்றைக் குளித்து முடித்த பிறகு குளியலறைக்குள் நிறுத்தினோம்.

மேல்தளத்தைப் பரிந்துரைக்க எனக்குக் குளியலறையைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தண்டவாளத்தில் புதிதாக விழுந்து கிடக்கும் பனி, ரயிலின் வேகத்தில் மாவு போலக் கிளம்பிப் பெட்டிகளின் பக்கவாட்டில் சுழன்றபடியே கூட வருகிறது. நடைவழிப் படியில் இறங்கிக் கீழ்த்தளத்து ஜன்னல் ஒன்றின் வழியாகப் பார்த்தபோது, வெளியே யாரோ இடைவிடாமல் மெல்லிய வெள்ளைத் துணியை உதறிக்கொண்டிருப்பது போல இருந்தது. அதற்கு அப்பால் மரங்களின் நிழல் மட்டுமே தெரிந்தது. மேலே ஏறி வந்தால் அந்தத் துணி ஜன்னலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பனி நன்றாக விழுந்த இரவுகளில் இந்த இரண்டு மீட்டர் உயர வேறுபாடுதான் பயணத்தின் பாதி.

மறுபாதி விளக்கில் இருக்கிறது. புறப்பட்ட முதல் ஒரு மணி நேரம் நான் ஜன்னலருகே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததெல்லாம் என் முகமும், பின்னால் தொங்கிய என் கோட்டும்தான். கைகளைக் குவித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன், கேமராவை ஒட்டிப் பார்த்தேன். “காட்டைப் பார்க்கணும்னு இவ்வளவு தூரம் வந்துட்டு, எல்லா விளக்கையும் போட்டு வெச்சா எப்படிங்க தெரியும்? முதல்ல அதை அணைங்க” என்று மேல் படுக்கையிலிருந்து மனைவி சொன்னார். அணைத்தேன். குளியலறைக் கதவின் இடுக்கில் ஒழுகிய வெளிச்சத்தையும், சார்ஜரின் சிறு நீலப் புள்ளியையும் மறைத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆனது. பிறகு ஜன்னலில் இருந்த நான் மெல்லக் கரைந்து போக, காடு வந்து நின்றது.

பனி மூடிய காட்டில் இரவு, நாம் நினைப்பது போல இருட்டாக இருப்பதில்லை. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடக்கூடியது. அதனால் நிலவு இருந்தால் போதும், தரை முழுவதும் ஒரு மங்கலான விளக்குப் போலச் செயல்படுகிறது. மரங்கள் கீழிருந்து வெளிச்சம் பெற்றவை போலத் தெரிகின்றன. நிழல்கள் கறுப்பாக இல்லாமல் கருநீலமாக இருக்கின்றன. அதன்மேல் நம் ரயிலின் விளக்கு எரியும் ஜன்னல்கள் மஞ்சள் சதுரங்களாக விழுந்து, பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, மரத்தண்டுகளில் ஒடிந்து, மீண்டும் நேராகி, நம்முடனே ஓடி வருகின்றன. எங்கள் ஜன்னலுக்குரிய சதுரம் மட்டும் அந்த வரிசையில் இல்லை. விழுந்த பல் போல ஓர் இடைவெளி. அதைப் பார்த்துக்கொண்டே நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதிலும் கொஞ்சம் தெளிவு தேவை. பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு என்று படித்துவிட்டு, 900 கிலோமீட்டரும் அடர்ந்த காட்டுக்குள்ளேயே போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தம்பெரே வரை ஊர்களும் விளக்குகளும் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. தம்பெரேயைக் கடந்து பர்கானோ வழியாகச் செல்லும் பகுதியில்தான் காடு முதன்முறையாக நெருங்கி வருகிறது. செய்னாயொக்கியிலிருந்து கொக்கோலா வரை மேற்குக் கடற்கரையை ஒட்டிய தட்டையான வேளாண் நிலம். பனிக்காலத்தில் அது ஒரு வெள்ளை மேசை, அங்கங்கே ஒரு தானியக் களஞ்சியம், தொலைவில் ஒரு வீட்டு விளக்கு. அதற்கும் தனி அழகு உண்டு என்று சிலர் சொல்லலாம். நான் அந்த நேரத்தில் தூங்கிவிட்டேன், வருத்தமில்லை. ஓவுலுவுக்கு வடக்கே மீண்டும் காடு தொடங்கி, இடையிடையே சதுப்பு நிலங்கள் திறந்து திறந்து மூடுகின்றன.

அந்தக் காடும் பெரும்பகுதி மனிதர்கள் கணக்குப் போட்டு வளர்க்கும் காடுதான். ஒரே வயதுப் பைன் மரங்கள் ஒரே உயரத்தில் வரிசைகட்டி நிற்பதும், திடீரென்று ஒரு பெரிய சதுரம் முழுக்க வெட்டப்பட்டு அங்கே ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் தனியாக நிற்பதும் நிலவொளியிலும் தெளிவாகத் தெரிகிறது. அப்படி வெட்டப்பட்ட இடங்களில்தான் வானம் நன்றாகத் தெரிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மரம் எது என்றே தெரியாதபடி பனியால் கவசமிட்டு, பூதங்கள் போலக் குனிந்து நிற்கும் மரங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை குன்றுகளின் உயரத்தில், ஈரக்காற்று மோதி உறையும் இடங்களில் உருவாகுபவை. தாழ்நிலத்தில் ஓடும் இந்த ரயில் பாதையில் அவற்றைத் தேடக் கூடாது. இங்கே கிளைகளின்மேல் பனி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. காற்று அடித்த மறுநாள் அதுவும் உதிர்ந்திருக்கும்.

உணவகப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மீன் உண்பவர்களுக்குப் பாலும் உருளைக்கிழங்கும் சோம்புக்கீரையைப் போன்ற ஒரு தழையும் சேர்த்த சால்மன் சூப் குளிருக்கு ஏற்ற உணவு. இறைச்சி உருண்டைகளும் மசித்த உருளைக்கிழங்கும் இந்நாட்டு ரயில்களின் வழக்கமான சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கையோடு எதையாவது கொண்டு வருவதே உசிதம்; நாங்கள் கொண்டுபோன புளியோதரை கேபினுக்குள் மணத்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி பளிச்சென்ற விளக்கொளியில் இருப்பதால் அங்கே அமர்ந்து வெளியே பார்க்க நினைப்பது வீண். மனிதர்களைப் பார்க்கலாம். பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஒரு குடும்பம், காலடியில் சுருண்டு படுத்த நாயோடு ஒரு பெண்மணி, மூன்றாவது காபியில் இருந்த ஒரு முதியவர். நாய்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட கேபின்கள் இருக்கின்றன. அவை எல்லாம் நிரம்பியிருந்தும் எங்கும் ஒரு குரைப்பு கேட்கவில்லை.

தூக்கத்தைப் பொறுத்தவரை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. இங்கே தண்டவாளத்தின் அகலம் 1524 மில்லிமீட்டர். ரஷ்யப் பேரரசின் ஆட்சிக் காலத்தில், 1862இல், ஹெல்சிங்கிக்கும் ஹாமென்லின்னாவுக்கும் இடையே முதல் பாதை போட்டபோது வந்த அளவு இது. நம் அகலப்பாதையின் 1676ஐவிடக் குறைவு, மேற்கு ஐரோப்பாவின் 1435ஐவிட அதிகம். நம்மூர் ரயில்களின் தடதடப்பில் தூங்கிப் பழகியவர்களுக்கு இதில் ஒலி போதாது என்றுகூடத் தோன்றலாம். என் மனைவி அப்படித்தான் சொன்னார். மேல் படுக்கையில் எழுந்து உட்காரத் தலைக்கு மேல் இடம் போதவில்லை; ஏணியில் ஏற முடியாத முதியவர்கள் இருவராக வந்தால் இரண்டு கேபின் எடுப்பதைத் தவிர வழி இல்லை. கேபினுக்குள் வெப்பம் நன்றாக இருக்கும். கம்பளிக்குள் கம்பளியாக உடுத்திக்கொண்டு ஏறியவர்கள் அரை மணியில் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். அப்படிக் கழற்றியவற்றை எட்டும் இடத்தில் வையுங்கள், ஏனென்றால் ஓவுலு வருகிறது.

விடிவதற்கு வெகு முன்பே ரயில் ஓவுலுவில் சற்று நேரம் நின்றது. அலாரம் வைத்து எழுந்திருந்த நான் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கதவுவரை போனேன். இரண்டு பெட்டிகள் இணையும் இடத்தில், எந்த இடுக்கின் வழியாகவோ நுழைந்த பனித்தூள், கோலமாவு கொட்டியது போலத் தரையோரமாகப் படிந்திருந்தது. கதவின் உலோக விளிம்பில் உறைந்த நீராவி கீற்றுக் கீற்றாகப் படர்ந்திருந்தது. நடைமேடையில் இறங்கி நின்றதும் முதலில் உணர்ந்தது குளிரை அல்ல, மூக்குக்குள் முடிகள் விறைத்துக்கொள்வதை. காலடியில் பனி கிறுக் கிறுக்கென்று ஒலித்தது. குளிர் கடுமையாக இருந்தால்தான் பனி அப்படிச் சத்தம் போடும், உருகும் நிலைக்கு அருகில் இருந்தால் மிதிக்கும்போது ஓசையே வராது. புகைபிடிக்க இறங்கிய ஒருவர் என் செருப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டேன். இப்படி இறங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அடுத்த நிலையம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது, அறிவிப்பும் உரத்து ஒலிப்பதில்லை.

ஓவுலுவிலிருந்து மறுபடி தூங்காமல் இருப்பதே இந்த ரயிலில் செல்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை. இங்கிருந்து வடக்கே ஒற்றைத் தடம்தான். எதிரே வரும் வண்டிக்காக எங்காவது ஒரு கிளைத் தடத்தில் ஒதுங்கி நிற்பதும் உண்டு. பனிக்காலத்தில் தாமதம் நேர்ந்தால் அது அடுத்தடுத்த வண்டிகளுக்கும் பரவ இதுவும் ஒரு காரணம். அதனால் போய்ச் சேர்ந்த அன்றைக்கே விமானத்தையோ சுற்றுலாவையோ நெருக்கிப் பதிவு செய்ய வேண்டாம். ஆனால் அந்த நிறுத்தங்களில்தான் காட்டை அசையாமல் பார்க்க முடிந்தது. இடப்பக்கம் நிலவு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரயிலின் ஓட்டம் நின்றதும் சுழன்ற பனித்தூள் அடங்கி, மரங்களுக்கு இடையே ஒரு விலங்கின் காலடிச் சுவடு நேர்கோடாகத் தண்டவாளம்வரை வந்து, ஏதோ யோசித்தது போலத் திரும்பிப் போயிருந்தது தெரிந்தது. முயலா, நரியா என்று தெரியவில்லை. மூன்று நிமிடம் அந்தச் சுவட்டையே பார்த்தோம்.

அரோரா எனப்படும் துருவ ஒளியைப் பற்றிக் கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். வானம் தெளிவாக இருந்து, சூரியனின் செயல்பாடும் கைகொடுத்து, கேபின் விளக்கும் அணைந்திருந்தால் ரயிலிலிருந்தே பார்க்க முடியும். ஆனால் அதற்காகவே இந்த டிக்கெட்டை வாங்குவது சரியான கணக்கல்ல. ஜன்னல் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். ஒளி பெரும்பாலும் வடக்கே எழும். நிலவு முழுமையை நெருங்கும் நாளில் மங்கலான ஒளி அடிபட்டும் போகும். காட்டைப் பார்க்க நிலவு வேண்டும், துருவ ஒளியைப் பார்க்க நிலவு இல்லாமல் இருப்பது நல்லது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நாளைக் குறிப்பது புத்திசாலித்தனம். நாங்கள் காட்டுக்காக நாளைக் குறித்தோம், காடு கிடைத்தது.

கெமியைத் தாண்டியதும் பாதை கெமியொக்கி ஆற்றின் போக்கை ஒட்டி உள்நாட்டுக்குள் திரும்புகிறது. சுமார் 550 கிலோமீட்டர் நீளம் கொண்ட இதுவே பின்லாந்தின் மிக நீளமான ஆறு. யொக்கி என்றால் ஆறு, யார்வி என்றால் ஏரி. இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் வழியில் பாதி ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ரோவனியெமியில் ரயில் ஏறக்குறைய காலியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க வந்த குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெற்றோர்களின் கைகளில் தொங்கியபடி இறங்கினார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகளால் எரித்துத் தரைமட்டமாக்கப்பட்ட நகரம் இது. போருக்குப் பின் பின்லாந்தின் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ, தெருக்களின் அமைப்பு கலைமானின் கொம்புகளைப் போல இருக்கும்படி திட்டம் வரைந்தார். ஊரைப் பற்றிய மதிப்புரை இது அல்ல என்பதால் அதை இத்துடன் விடுகிறேன். ஆனால் ஒரு தவறான எண்ணத்தை மட்டும் திருத்த வேண்டும். ரோவனியெமி நிலையத்தில் இறங்குபவர்கள் ஆர்க்டிக் வட்டத்தை இன்னும் தாண்டவில்லை. அது நகரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிச் செல்கிறது. ரயிலிலேயே அதைக் கடக்க விரும்புபவர்கள் கெமியார்விக்கோ கோலரிக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும்.

நாங்கள் கெமியார்விக்கு எடுத்திருந்தோம். முழுப் பயணத்திலும் நாங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். ரோவனியெமியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய இந்தக் கடைசித் துண்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. பாதை 1934இல் போடப்பட்டது. 2006இல், இந்தப் புதிய படுக்கைப் பெட்டிகள் மின்மயமாகாத தடத்தில் ஓட வசதியில்லை என்ற காரணத்தால் கெமியார்விக்கான இரவு ரயில் நிறுத்தப்பட்டது. ஊர்மக்கள் விடவில்லை, கூடிப் போராடி, 2008இல் ரயிலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014இல் பாதையும் மின்மயமானது. ஊர் சிறியது, பயணிகள் குறைவு. எங்கள் பெட்டியில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான் எஞ்சியிருந்தார்கள்.

ரயில் கிளம்பியபோது வானம் அடர்நீலமாக இருந்தது. துருவத்தை ஒட்டிய நாடுகளில் சூரியன் சாய்வாக ஏறுவதால் விடியல் நீண்டுகொண்டே போகும். நம் ஊரில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் அந்த இடைப்பொழுது இங்கே ஒரு மணி நேரம் நிற்கிறது. பனி, மரம், வானம் மூன்றும் ஒரே நீலத்தின் மூன்று அடர்த்திகளாக இருந்தன. இப்போது விளக்கை அணைக்க வேண்டிய தேவையும் இல்லை. கைபேசியின் வரைபடத்தில் ஆர்க்டிக் வட்டத்தின் கோடு நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடந்தபோது வெளியே எதுவும் மாறவில்லை, அதே பைன் மரங்கள்தான். எட்டரை மணி வாக்கில் வலப்பக்கத்து மரங்களின் உச்சிகளில் மட்டும் செம்பொன் நிறம் ஏறியது. அடிமரங்கள் நீலத்திலேயே இருந்தன. ஒவ்வொரு மரமும் பாதி காலையிலும் பாதி இரவிலும் நின்றது. கீழே ஓர் உறைந்த குளத்தின் மேல் யாரோ பனிச்சறுக்கில் போன இரட்டைக்கோடு, கரையில் தொடங்கி மறுகரையில் மரங்களுக்குள் மறைந்தது. இரவு முழுவதும் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்துப் பெற்றதைவிட அதிகமாக இந்த ஒரு மணி நேரத்தில் சும்மா உட்கார்ந்தபடியே கிடைத்தது.

இதனால் யாருக்குப் பயன் என்று கேட்டால், டிசம்பரில் செல்பவர்களுக்கு நான் கொஞ்சம் யோசிக்கவே சொல்வேன். அப்போது ரோவனியெமியில் பகல் இரண்டு, மூன்று மணி நேரம்தான். முன்னிரவில் புறப்படும் வண்டி ரோவனியெமியை அடையும்போது இன்னும் முழு இருட்டாகவே இருக்கும். இருட்டும் விளக்கு அலங்காரமும் போதும் என்பவர்களுக்கு அதுவும் சரியே. காட்டைக் காட்டாகவே பார்க்க விரும்புபவர்கள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிக்குள், முழுநிலவை ஒட்டி, மேல்தளத்தில், கெமியார்விவரை எடுக்கட்டும். சாதாரண இருக்கையிலும் பயணம் செய்யலாம், விலையும் மிகக் குறைவு. ஆனால் அந்தப் பெட்டியில் விளக்கு நம் கையில் இல்லை என்பதால், நான் இதுவரை சொன்னதில் பாதி கிடைக்காது. சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் இரண்டு கேபின்களுக்கு இடையே கதவு திறக்கக்கூடியவை இருக்கின்றனவா என்று கேட்டு வாங்கலாம்.

கெமியார்வியில் இறங்கி நடைமேடையில் நின்று எங்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். ஹெல்சிங்கியில் பளபளவென்று நின்ற பெட்டி, சக்கரத்திலிருந்து கீழ்த்தளத்து ஜன்னல் விளிம்புவரை பனி பூசிக் கரடுமுரடாக, அடையாளம் தெரியாமல் நின்றது. கீழ்த்தளத்து ஜன்னல்களில் பாதி அடைபட்டிருந்தன. மேலே எங்கள் ஜன்னல் தெளிவாக இருந்தது. உட்புறத்தில், இரவெல்லாம் நான் நெற்றியை அழுத்தி வைத்திருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு மங்கல் படிந்திருந்தது. திரும்பும் பயணத்துக்கும் மேல்தளத்தையே எடுத்திருக்கிறோம். இந்த முறை முகவர் யாரும் இல்லை.